நீருக்குள் முகம் வைத்த நாள்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்கள் இரயிலில் இடம் கிடைக்காமல் படும் பாட்டைச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதைப் படித்த செம்பூர் அன்பர் ஒருவர், "ஆண்டுதோறும் திருநெல்வேலிக்கே போய் வருகிறீர்களே, ஒரு முறையேனும் வேறு திசையில் சென்றதுண்டா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். உண்டு, ஒரே ஒரு முறை. அதுவும் நம் விருப்பத்தால் அன்று, மகளின் பிடிவாதத்தால். அந்தப் பயணத்தில், அறுபத்திரண்டாம் வயதில், நாம் ஒரு சிறு வித்தையைக் கற்றுக்கொண்டோம். வித்தை சிறிதாயினும் அது நம் உள்ளத்தில் கிளறிவிட்டது பெரிது. அன்பரின் கேள்வியைச் சாக்காகக் கொண்டு அதனை இம்முறை எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில், மகள், மருமகன், பத்து வயதுப் பேத்தி, நம் இல்லத்தரசியார், நாம் ஆக ஐவரும் மும்பையிலிருந்து நேத்ராவதி விரைவு வண்டியில் எர்ணாகுளம் சென்று, கொச்சித் துறைமுகத்தில் லட்சத்தீவுக் கப்பலில் ஏறினோம். அத்தீவுகளுக்குச் செல்ல முன்னதாகவே அனுமதிச் சீட்டு பெறவேண்டும். அதற்காக மகள் இரண்டு திங்கள் அலைந்தாள். அரபிக் கடலில், கொச்சிக்கு மேற்கே 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவுக்குள் சிதறிக் கிடக்கும் தீவுகள் அவை. மக்கள் வாழ்பவை பத்து. எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்று சேர்த்தாலும் 32 சதுர கிலோமீட்டர்தான். நம் போரிவலி தேசியப் பூங்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆயினும் அவற்றைச் சூழ்ந்துள்ள கடலின் அழகோ சொல்லி முடியாது.

பயணம் ஐந்து நாள். இரவெல்லாம் கப்பலில், பகலெல்லாம் தீவில். பவளப் பாறைகள் தீவைச் சுற்றி மதில்போல் நிற்பதால் பெரிய கப்பல் கரையை நெருங்க இயலாது. வெளியே ஆழ்கடலில் நின்றுவிடும். கப்பலின் பக்கவாயிலைத் திறப்பார்கள். கீழே ஒரு படகு அலையில் ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டிருக்கும். அலை படகை வாயில் மட்டத்துக்கு உயர்த்தும் நேரம் பார்த்து, இரு மாலுமிகள் நம் கைகளைப் பற்றித் தூக்கிப் படகில் விடுவார்கள். பேத்தி அதனை விளையாட்டாகக் கருதிக் கைகொட்டினாள். நமக்கோ கால் நடுங்கிற்று. மாலுமியின் கையை விடமாட்டாமல் பற்றிக்கொண்டு நின்றதை இல்லத்தரசியார் இன்றும் நடித்துக் காட்டுகிறார்.

முதல் நாள் கவரத்தித் தீவு. அடித்தட்டில் கண்ணாடி பதித்த படகில் அமர்ந்து கடலடியைக் கண்டோம். சாயம் முக்கியவை போன்ற மீன்களும் கிளைவிட்ட பவளங்களும் கண்ணாடிக்குக் கீழே நகர்ந்து சென்றன. நமக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பேத்திக்குப் போதவில்லை. "இது டி.வி. பார்ப்பது போல இருக்கிறது, தாத்தா. நாளைக்குக் கல்பேனியில் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளேயே பார்க்கலாமாம். நீங்களும் வரவேண்டும்" என்றாள்.

"தாத்தாவுக்கு நீந்தத் தெரியாது, அம்மா."

"அம்மாவுக்கும் தெரியாது. பாட்டிக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாதா?"

குழந்தைக்கு நம் மகள் விடை சொன்னாள். "நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழக அழைத்துப் போனார்கள். தாத்தா கையெழுத்துப் போடவில்லை."

சொன்ன குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. வெயில் அடித்தது, மழை பெய்தது என்பதுபோல் சொன்னாள். அதனாலேயே அச்சொல் தைத்தது. அன்றிரவு கப்பலின் மேல்தட்டில் வெகுநேரம் உறக்கமின்றி அமர்ந்திருந்தோம்.

அன்பர்களுக்கு இதுவரை நாம் சொல்லாத ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு ஒரு தமையனார் இருந்தார். நம் ஏழாம் வயதில், ஓர் ஐப்பசி மழைக்குப்பின் ஊர்க்குளம் நிரம்பிக் கிடந்தபோது, பன்னிரண்டு வயதான அவர் தோழர்களோடு குளிக்கச் சென்றார், திரும்பி வரவில்லை. அன்று முதல் அன்னையார் நம்மையும் தங்கையையும் குளத்தங்கரைப் பக்கமே விட்டதில்லை. கிணற்றடியில் வாளித் தண்ணீர்தான். ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் முங்கு நீச்சல் போட்டுக் களிக்கும்போது நாம் கரையிலும் நிற்கக்கூடாது. பின்னர் உத்தியோகம் தேடி மும்பைக்கு வந்தோம். நாற்பது ஆண்டுகள் இந்த அரபிக் கடலின் ஓரத்தில் வாழ்ந்தும், தாதர் கரையில் கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை. மகளின் பள்ளியிலிருந்து அந்தத் தாள் வந்தபோது, காரணம் சொல்லாமலே மடித்து வைத்துவிட்டோம்.

அன்னையாரைக் குறை சொல்ல நமக்கு நாவில்லை. பெற்ற பிள்ளையை நீருக்குக் கொடுத்தவர் அவர். ஆயினும் அன்றிரவு, இருளில் அலையோசையைக் கேட்டுக்கொண்டிருக்கையில், நம் குடும்பக் கணக்கு ஒன்று தெளிவாகப் புலப்பட்டது. நீந்தத் தெரியாமையால் ஒரு பிள்ளை போயிற்று. அதற்கு நாம் கண்ட பரிகாரம் என்ன? மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நீந்தத் தெரியாமலே பார்த்துக்கொண்டோம்!

மறுநாள் கல்பேனி. அத்தீவின் கிழக்குக் கரை நெடுகிலும் பவளக் கற்கள் மேடாகக் குவிந்து கிடக்கின்றன. 1847ஆம் ஆண்டுப் பெரும்புயல் வாரி எறிந்தவை என்பர். மேற்குப் புறத்திலோ, பவளமதிலுக்குள் அடங்கிய அகன்ற காயல், பச்சையும் நீலமுமாகக் கண்ணாடிபோல் அமைதியாகக் கிடக்கிறது. அங்கேதான் நமக்குப் பாடம்.

ஆசிரியர் தீவைச் சேர்ந்த ஓர் இளைஞர். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. மலையாளத்தில் பேசினார். முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார். பின்னர்க் கண்களையும் மூக்கையும் சேர்த்து மூடும் முகக்கண்ணாடி ஒன்று, வாயில் கவ்விக்கொள்ளும் வளைந்த மூச்சுக்குழல் ஒன்று. குழலின் நுனி நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும். முகத்தை நீருக்குள் வைத்துக் குப்புற மிதந்துகொண்டே, குழல் வழியாக மூச்சு விட்டவாறு கடலடியைக் காணலாம். இதற்கு ‘ஸ்நார்கெலிங்’ என்று பெயர். நீர்மூழ்கிக் கப்பலுக்குக் காற்று வாங்கும் குழாய்க்கு ஜெர்மானியர் வைத்த பெயரிலிருந்து வந்த சொல்லாம்.

நம் மருமகன் பொறியாளர். "குழலை இன்னும் நீளமாக்கினால் ஆழத்தில் நடந்தே பார்க்கலாமே?" என்று கேட்டார். ஆகாது என்றார் இளைஞர். குழல் ஒரு முழத்துக்கும் குறைவாகவே இருப்பதற்குக் காரணம் உண்டு. சற்று ஆழம் சென்றாலும் நீர் நெஞ்சை அழுத்தும்; மேலிருந்து காற்றை இழுக்க மார்புக்கு வலுப் போதாது. அன்றியும், நீண்ட குழலானால் நாம் விட்ட கெட்ட மூச்சு வெளியேறாமல் குழலுக்குள்ளேயே தங்கி, மறுபடியும் அதையே உட்கொள்ள நேரும்.

அடுத்து, கண்ணாடியின் உட்புறத்தில் எச்சிலைத் தடவிக் கழுவச் சொன்னார். ஆவி படியாதிருக்க அதுவே எளிய வழியாம். எச்சில் பட்ட தம்ளரைக் கூடத் தனியே வைக்கும் வீட்டில் வளர்ந்த நம் இல்லத்தரசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நமக்கு வேறு தொல்லை. எத்தனை இறுக்கிக் கட்டினும் கண்ணாடிக்குள் நீர் புகுந்தது. இளைஞர் நம்மை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். குற்றவாளி நம் மீசை! ஒரு தலைமயிர் இடையில் சிக்கினாலும் நீர் கசியுமாம். மீசை முழுவதும் சிக்கினால் கேட்பானேன்? இல்லத்தரசியாரின் பையிலிருந்து வாஸலைன் வாங்கி மீசையில் அப்பிக்கொண்டதும் கசிவு நின்றது. நாற்பது ஆண்டுகள் பேணிய மீசைக்கு அன்று அந்த மரியாதை.

இடுப்பளவு நீரில் நின்று முகத்தை உள்ளே வைத்தோம். வைத்த மறுகணமே எழுந்துவிட்டோம். குழலில் காற்று வருகிறது என்பதை அறிவு ஒப்புக்கொள்கிறது, உடல் ஒப்புக்கொள்ளவில்லை. முகத்தில் நீர் பட்டதும் மூச்சு தானே நின்றுவிடுகிறது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, அப்படியே. நான்காம் முறை பதற்றத்தில் குழல் நுனி சாய்ந்து, ஒரு வாய் உப்புநீர் தொண்டையில் இறங்கிற்று. இருமிக்கொண்டே கரையை நோக்கித் திரும்பினோம். போதும், வயதான காலத்தில் இது எதற்கு என்று எண்ணினோம். குளத்தின் நினைவும் வந்தது, மறைப்பதற்கில்லை.

அப்போது அந்த இளைஞர் நம் முதுகின்மேல் கையை வைத்து, "பய்யெ, சாரே, பய்யெ" என்றார்.

‘மெதுவாக’ என்பதற்கு மலையாளத்தார் சொல்லும் சொல் அது. நெல்லைச் சீமையில் பிறந்தவர்களுக்கு அதன் பொருளை யாரும் சொல்ல வேண்டியதில்லை. "பைய வா", "பைய இறங்கு", "பையச் சாப்பிடு" என்று நம் அன்னையார் ஒரு நாளைக்கு நூறு முறை சொன்ன சொல். மும்பைக்கு வந்தபின் நம் காதில் அரிதாகவே விழுந்தது. கடல் நடுவே, முன்பின் அறியாத பிள்ளையின் வாயிலிருந்து அது வந்ததும், ஏனோ நெஞ்சு நிலைக்கு வந்தது.

அவர் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. "உள்ளே இழுப்பதை விடுங்கள், முதலில் மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். உள்ளே வருவது தானாக வரும். குழலில் நீர் புகுந்தால் ‘பூ’ என்று ஒரே ஊதாக ஊதுங்கள்" என்றார். முகத்தை வைத்தோம். வெளியே விட்டோம். காற்று தானே வந்தது. மறுபடியும் விட்டோம். ஆர்மோனியத் துருத்திபோல் நம் மூச்சின் ஓசை நமக்கே கேட்டது. முப்பது விநாடி இருக்கலாம்; அதுவரை கண்ணை இறுக மூடியிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. திறந்தோம்.

கண்ட காட்சியை எப்படி எழுதுவது! கீழே வெண்மணல். அதன்மேல் மான்கொம்பு போலவும், பெரும் பூசணி போலவும், விரித்த விசிறி போலவும் பவளங்கள். மஞ்சளும் கறுப்புமாகத் தட்டை மீன்கள் இரண்டிரண்டாகச் சென்றன. கடற்சாமந்தியின் இதழ்களுக்கு நடுவே ஒரு சிறு ஆரஞ்சு நிற மீன் வெளியே வந்து நம்மை முறைத்துவிட்டு உள்ளே புகுந்துகொண்டது. கிளியைப் போன்ற அலகும் நிறமும் உடைய கிளிமீன்கள் பாறையைக் கொறித்தன. அவ்வோசை, பக்கத்து அறையில் யாரோ முறுக்குக் கடிப்பது போல் தெளிவாகக் கேட்டது. அம்மீன்கள் பவளப் பாறையின் பாசியைச் சுரண்டித் தின்னும்போது கல்லையும் சேர்த்து அரைத்து, பின்னர் மணலாக வெளியிடுகின்றனவாம். நாம் காலையில் நடந்த வெண்மணற் கரையில் ஒரு பங்கு அவற்றின் உபயமே! எட்டிப் பிடிக்கும் தொலைவில் இருப்பதாக எண்ணிக் கையை நீட்டினோம், எட்டவில்லை. நீருக்குள் கண்ணாடி வழியே காணும் பொருள், உள்ள தொலைவில் முக்கால் பங்கில் இருப்பதாகவும், மூன்றில் ஒரு பங்கு பெரியதாகவும் தோன்றுமாம். அச்சமும் அப்படித்தானே என்று எண்ணிக்கொண்டோம்.

தலையை உயர்த்தியபோது, முழங்கால் அளவு நீரில் மகள் நின்றுகொண்டிருந்தாள். மகளுக்கு முப்பத்தெட்டு வயது. அலுவலகத்தில் இருபது பேருக்கு மேலதிகாரி. புடவைத் தலைப்பைப் பற்றுவதுபோல் மிதவைச் சட்டையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு நின்றாள். அந்த நிலையை நாம் அறிவோம். நாம் கற்பித்த நிலை அது.

"வா, அம்மா" என்றோம்.

"வேண்டாம் அப்பா. நீங்கள் பாருங்கள்."

"அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தப்புப் பண்ணிவிட்டேன். இப்போது வா."

அவள் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து வந்தாள். ஒரு கையை இளைஞர் பற்றினார். மற்றொரு கையை நாம் பற்றினோம். நமக்கே நீந்தத் தெரியாது. நாம் பற்றியதால் அவளுக்கு யாதொரு பாதுகாப்பும் இல்லை. ஆயினும் பற்றிக்கொண்டோம். அவளும் இருமினாள், எழுந்தாள், திரும்பவும் முகம் வைத்தாள். பேத்தி எங்கள் இருவரையும் சுற்றிச் சுற்றி மீன்போல் நீந்திக்கொண்டிருந்தாள். அவளை மூன்று ஆண்டுகளாக நீச்சல் வகுப்புக்கு அனுப்பி வந்தவள் மகளே.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் குழலும் கண்ணாடியும் இல்லாமல், மூச்சடக்கி, கல்லின் பாரத்தால் ஆழத்துக்கு இறங்கியவர்கள். அவர்களுடைய கயிற்றை மேலே படகில் பிடித்திருப்பவன் மச்சானாகவே இருப்பான் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலிக்காகவேனும் கயிற்றை விடமாட்டானாம். இன்றும் இராமேசுவரம், பாம்பன் பக்கத்து மீனவப் பெண்கள் கண்ணாடி அணிந்து கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். தமிழருக்குக் கடல் புதிதன்று. உள்நாட்டுக் குளத்தங்கரையிலிருந்து வந்து, அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய நம் போன்றவர்களுக்குத்தான் குழாய்த் தண்ணீருக்கு மேல் எல்லாம் அச்சமாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பவளம் என்பது கல்லன்று. நகக்கண் அளவுகூட இல்லாத எண்ணற்ற சிற்றுயிர்கள் கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசியே அவற்றுக்கு உணவும் நிறமும் தருகிறது. கடல்நீர் அளவு மீறிச் சூடானால் பாசி நீங்கிவிடும், பவளம் வெளிறும், சூடு தணியாவிடில் மடியும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் அவ்வாறு நேர்ந்தது. நாம் சென்று வந்த பின்னரும், 2023 அக்டோபர் இறுதியிலிருந்து கடல் சூடேறி, பவளங்கள் பெருமளவில் வெளிறிவிட்டன என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2024 மே மாதத்தில் அறிவித்தனர். செய்தியைப் படித்ததும் பேத்தி, "நாம் பார்த்த அந்த மான்கொம்பு இருக்குமா, தாத்தா?" என்று கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஓரிரு மீட்டரே உயர்ந்த அத்தீவுகளுக்கு அப்பவளமதிலே அலைகாப்பு. அந்த இளைஞரின் வீடும் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஆதலால், செல்லும் அன்பர்களுக்குச் சில சொற்கள். பவளத்தின்மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள், ஒரு துண்டும் எடுத்து வராதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். புதியவர்கள் மிதவைச் சட்டையைக் கழற்ற வேண்டா. தனியே இறங்க வேண்டா. பவளமதிலைத் தாண்ட வேண்டா. வயிறு நிறைய உண்டுவிட்டு இறங்க வேண்டா. நெஞ்சுநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். குழந்தைகளுக்கு அவர்கள் முகத்தின் அளவுக்கு ஏற்ற கண்ணாடியே தேவை. முதுகு வெயிலில் வெந்துபோகும். முழுக்கைச் சட்டை அணியுங்கள். நீரில் தத்தளிப்பவர் பெரும்பாலும் கூவி அழைப்பதில்லை, ஓசையின்றியே மூழ்குவார். ஆகவே குழந்தைகள் நீரில் இருக்கையில் பெரியவர் ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அதற்கெல்லாம் முன்னதாக, இந்நகரிலேயே நீச்சல் பழகுங்கள். பிள்ளைகளைப் பழக்குங்கள், சிறப்பாகப் பெண்பிள்ளைகளை. பள்ளியிலிருந்து தாள் வந்தால் கையெழுத்து இடுங்கள். ஊரில் நீரால் இழப்பு நேர்ந்த குடும்பமானால், அந்த வீட்டுப் பிள்ளைகளே முதலில் கற்கவேண்டும்.

கப்பலிலிருந்து திரும்பிய கோடையில் நாமும் மகளும் நகராட்சி நீச்சல் குளம் ஒன்றில் பெயர் பதிந்துகொண்டோம். அவள் இப்போது குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் நீந்துகிறாள். நாம் பாதியில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறோம். கம்பியைப் பிடித்தவாறு, இரைக்கும் மூச்சை முழுவதும் வெளியே விட்டு, "பைய, பைய" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, மறுபடியும் முகத்தை நீருக்குள் வைக்கிறோம்.